பிடரியில் கருவி வைத்தால் ஒற்றைத் தலைவலி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 41. கல்லூரிக் காலத்திலிருந்தே ஒற்றைத் தலைவலி. இப்போது மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலிக்கிறது, வெளிச்சம் பட்டாலே குமட்டுகிறது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். பிடரியில் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்தால் வலியே வராது என்கிறார் உறவினர் ஒருவர். வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கருவி இருப்பது உண்மை. ‘வலியே வராது’ என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

தலையின் பின்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு கழுத்தின் மேல்பகுதியில் கிளம்பி, பிடரி வழியாக உச்சி வரை ஏறுகிறது. அதன் குறுக்கே தோலுக்கு அடியில் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, மார்பிலோ இடுப்பிலோ புதைத்த பேட்டரியோடு இணைப்பார்கள். கருவி ஓடும்போது பின்மண்டையில் விறுவிறுவென்று இருக்கும். நெற்றி, கண் பக்கத்து வலியும் பிடரியிலிருந்து வரும் உணர்வும் மூளைத்தண்டுக்குக் கீழே ஒரே இடத்தில் வந்து சேர்வதால், இங்கே கொடுக்கும் மின்துடிப்பு அங்கே வலியைத் தணிக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

பலன் எப்படி? 2012-ல் வெளியான ஆய்வில் 157 பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். 12 வாரம் கழித்து, வலி பாதியாகக் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியபோது, கருவி ஓடிய குழுவுக்கும் ஓடாத குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 30 சதவீதம் குறைந்தாலே போதும் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது, தலைவலி நாட்களும் குறைந்தன. ஆக, சிலருக்கு ஓரளவு நிம்மதி. ஆனால் கழுத்து ஓயாமல் அசைகிற இடம் என்பதால் கம்பி நகர்ந்துவிடுகிறது, கிருமி தொற்றலாம், பேட்டரி தீர்ந்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுப்பதிலும் கட்டுப்பாடு வரும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தலைவலிக்கென்று இதற்கு ஒப்புதல் தரவில்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரை அல்லது காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். தினமும் போடுகிறவருக்கு முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். என்னென்ன போடுகிறீர்கள், எந்தெந்த நாளில் வலி என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்து, நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலி வராமல் தடுக்கும் மாத்திரைகள், தலையிலும் கழுத்திலும் 31 இடத்தில் போடும் போடாக்ஸ் ஊசி, வலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தை முடக்க 2018 முதல் வந்திருக்கும் ஊசி, அறுவையே இல்லாமல் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் மின்கருவி என்று இடையில் எவ்வளவோ இருக்கின்றன.

எல்லாவற்றையும் உரிய காலம் பார்த்தும் தீரவில்லை என்றால் மட்டும் பிடரிக் கருவியைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும் பேட்டரியை வெளியே வைத்துச் சில நாள் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வலி குறையவில்லை என்றால் நிரந்தரமாக வைக்கச் சம்மதிக்காதீர்கள்.