அக்கி ஊசி: இருபதாயிரம் கொடுத்துப் போடலாமா?

வயது 57. அக்கிக்கு ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். இரண்டு ஊசிக்கும் சேர்த்து இருபதாயிரம் அளவுக்கு ஆகுமாம். அவசியமா?
– வாசகர், தஞ்சாவூர்

சின்ன வயதில் சின்னம்மை வந்திருந்தால் அந்தக் கிருமி இன்னும் உங்கள் நரம்புக்குள்தான் படுத்திருக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் அக்கியாகக் கிளம்பலாம். 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கும் ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி ஊசி, 50 வயது தாண்டியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் 97 சதவீதம் தடுத்தது. ஓரிரண்டு நாள் கைவலி, காய்ச்சல், அசதி இருக்கலாம். கடன் வாங்காமல் முடியும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது ஊசி இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், அதற்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

குழந்தைகளுக்குப் போடும் சின்னம்மை ஊசி விலை குறைவு. அதையே நான் போட்டுக்கொண்டால்?
– வாசகி, ஈரோடு

கூடாது. அது வேறு, இது வேறு.

மெடிக்கலில் 600 ரூபாய் தள்ளுபடி என்று ஊசி மருந்தை நானே வாங்கினேன். பிளாஸ்டிக் பையோடு ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு, மார்க்கெட் போய்விட்டு மதியம் கிளினிக் போனால் நர்ஸ் போட மாட்டேன் என்கிறார். கடைக்காரரும் திருப்பி எடுக்கவில்லை.
– வாசகர், மதுரை

மதுரை வெயிலில், ஸ்கூட்டர் டிக்கியில், பிளாஸ்டிக் பையில்! நர்ஸ் செய்தது சரி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. பவுடர் ஒரு குப்பி, திரவம் ஒரு குப்பி, போடும் நேரத்தில்தான் கலப்பார்கள். கெட்டுப்போனதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பத்து வருடமாக இதையேதான் எழுதுகிறேன்: குளிரில் வைக்க வேண்டிய மருந்தை, போடுகிற இடத்திலேயே வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து உங்கள் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள், பேட்ச் எண் போட்ட பில் கேளுங்கள். தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிற நாம், பத்தாயிரம் ரூபாய் மருந்துக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. ஐஸ் பெட்டி இல்லாமல் கொடுத்த கடைக்காரர் மேலும் தப்பு இருக்கிறது, பில் இருந்தால் புகார் கொடுங்கள். ஆனால் அந்த மருந்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு விலாவில் அக்கி. ‘48 மணி நேரத்தில் மறையும்’ என்ற விளம்பரத்தை நம்பி 1,899 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினேன். கொப்புளம் கூடிவிட்டது. போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

உங்களைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. என் தாயாருக்கு வந்தபோது நானும் இப்படி ஒரு எண்ணெய்தான் வாங்கினேன். அதைத் தடவிக்கொண்டிருந்ததில் நான்கு நாள் போய்விட்டது. அக்கி ஆறியது, வலி ஆறவில்லை. ஆறு மாதம் ரவிக்கை உரசினாலே துடிப்பார், ராத்திரி ஈரத் துணியை விலாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைரஸை அடக்கும் மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது என்று அப்புறம்தான் தெரிந்தது. குயவரிடம் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் நம்பிக்கை, அதற்காக யாரும் ஆயிரக்கணக்கில் பிடுங்கியதில்லை. இவர்கள் பிடுங்குகிறார்கள். அம்மாவை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், 72 மணி தாண்டியிருந்தாலும் போங்கள். அப்புறம் விளம்பரத்தையும் பணம் கட்டிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

இப்போது அக்கி இருக்கிறது. ஊசி போட்டால் சீக்கிரம் ஆறுமா?
– வாசகர், சேலம்

ஆறாது. அது வராமல் தடுக்கத்தான். முழுக்க ஆறிய பிறகு, எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.