பெற்றோரோடு பேசாமல் இருந்தால் சட்டப்படி குற்றமா?

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் தனியார் வேலை, விடுதியில் தங்கியிருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர். சின்ன வயதிலிருந்தே அடியும் வசவும்தான். சென்ற ஆண்டு அவர் பார்த்த வரனை வேண்டாம் என்றதற்கும் கை நீட்டினார். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். “பாதிச் சம்பளத்தை அனுப்பு, இல்லன்னா கேஸ் போடுவேன், பேப்பர்ல போட்டுத் தலைமுழுகிடுவேன்” என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார். அண்ணன் தன் கடனையும் என்னை அடைக்கச் சொல்கிறான். உறவை முறிக்கப் பத்திரம் ஏதாவது எழுத வேண்டுமா? — வாசகி

பதில்: பத்திரம் எதுவும் வேண்டாம். 18 வயது நிறைந்த பிறகு யாரோடு வாழ்வது, யாரோடு பேசுவது என்பது உங்கள் விருப்பம். தந்தையின் கருத்து, வயதுவந்த மகளின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க முடியாது என்று 2018-ல் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘காணவில்லை’ என்று வீட்டில் புகார் கொடுத்தாலும் பயப்படாதீர்கள். சுயவிருப்பத்தில் தனியாக இருப்பதாகக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுங்கள்; அதன்பின் உங்களைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப முடியாது.

பத்திரிகை விளம்பரத்தால் வாரிசுரிமை போய்விடாது. சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். அது விளம்பரம் இல்லாமலும் முடியும்.

பணம் மட்டும் வேறு விஷயம். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தன் வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடியாத பெற்றோர், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மகன், மகள், மணமானவர், ஆகாதவர் என்ற பேதம் இல்லை. உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். உங்கள் அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. அது அவர் செலவுக்குப் போதும் என்றால் மனு நிற்பது கடினம். பாதிச் சம்பளம் என்ற கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆனால் நாளை அம்மாவோ அப்பாவோ உண்மையிலேயே கதியற்று நின்றால், “அடித்தாரே” என்பது மட்டும் உங்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அப்படி ஒரு விதிவிலக்கு சட்டத்தில் எழுதப்படவில்லை. அடிபட்ட பிள்ளைக்கு இது கசக்கும். இருந்தும் முதியவரின் சாப்பாடும் மருந்தும் பிள்ளையின் மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது என்ற அந்த ஏற்பாடு சரியென்றே நான் கருதுகிறேன். அதே உறுதியோடு இன்னொன்றும் சொல்கிறேன்: மனு வந்து உத்தரவே போட்டாலும் வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் போதும். வீட்டுக்குப் போகவோ தொலைபேசியில் பேசவோ யாரும் ஆணையிட முடியாது. அந்த மனுவில் அண்ணனையும் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம்.

அண்ணன் கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, உங்களுக்குப் பொறுப்பே கிடையாது.

மிரட்டல் தொடர்ந்தால் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மகளுக்கும் உதவும். அப்பாவோ அண்ணனோ உங்களைத் தொடர்புகொள்ளவும் பணியிடத்துக்கு வரவும் கூடாது என்று நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. அந்த வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.