டென்டினில் போட்ட பாண்டிங் சில வருடங்களில் ஏன் விட்டுப்போகிறது?

கேள்வி: பல்குழியில் காம்போசிட் (பல் நிற ரெசின் அடைப்பு) வைத்த அன்று கல் மாதிரி உட்காருகிறது. மூன்று நான்கு வருடம் போனால் ஓரத்தில் பழுப்புக் கோடு, ஈறுப் பக்கம் இடைவெளி. டென்டினில் (எனாமலுக்கு அடியில் உள்ள பல் அடுக்கு) ஒட்டு, அதாவது பாண்டிங், நீடிக்க என்ன செய்யலாம்?

பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது டென்டின் பக்கம்தான். பல்லின் மேல்ஓடான எனாமலில் எடைக்கு 96 சதவீதம் தாது. ஆசிட் பட்டுச் சொரசொரத்த பரப்பு ரெசினைக் கவ்விக்கொள்ளும். டென்டினில் தாது 70 சதவீதம்தான், மீதியில் ஏறக்குறைய 20 கொலாஜன் என்ற புரதமும் 10 தண்ணீரும். பாஸ்பாரிக் ஆசிட் வைத்தால் மேலே சில மைக்ரானுக்குத் தாது கரைந்து, கொலாஜன் நார்கள் தண்ணீரில் மிதந்து நிற்கும். ரெசின் அந்த வலைக்குள் அடிவரை இறங்க வேண்டும், இறங்குவதில்லை. ரெசின் போர்த்தாத நார்களை டென்டினிலேயே அடங்கிக் கிடக்கும் எம்எம்பி, கதெப்சின் என்ற, புரதத்தைச் சிதைக்கும் என்சைம்கள் மெல்ல அரிக்கின்றன. அவற்றைத் தட்டியெழுப்புவதே நாம் வைக்கும் ஆசிட்தான். போதாததற்கு, ஹீமா (நீரை ஈர்க்கும் ரெசின் மூலப்பொருள்) அதிகமுள்ள ரெசின் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போகும். நார் அரிபடுவது, ரெசின் ஊறுவது இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும்.

அதனால் என் முதல் தேர்வு, 10-எம்டிபி என்ற ஒட்டு மூலக்கூறு உள்ள இரண்டு பாட்டில் செல்ஃப் எட்ச், அதாவது தனி ஆசிட் வைத்துக் கழுவாமல் பிரைமரே டென்டினை லேசாக அரிக்கும் வகை. பி.எச். 2 சுமார் இருப்பதால் தாதுவை முழுக்க எடுக்காது. மிச்சமுள்ள கால்சியத்தோடு எம்டிபி சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிவிடும். எனாமல் விளிம்புக்கு மட்டும் தனியாக 37 சதவீத ஆசிட், 15 முதல் 30 நொடி. கெட்டியான ஜெல்லாக எடுங்கள், டென்டினுக்கு வழியவிடாதீர்கள். முதல் பாட்டிலான பிரைமரைத் தடவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பிரஷ் நுனியால் 20 நொடி தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கரடுமுரடான டைமண்ட் பர் விட்ட தூள் படலம் தடிப்பாக இருக்கும், மென்மையான ஆசிட் அதைத் தாண்டாது. கடைசியில் ஃபைன் பர் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

ஆசிட் வைத்துக் கழுவும் எட்ச் அண்ட் ரின்ஸ் வகைதான் கைவசம் இருக்கிறது என்றால், ஆசிட்டை முதலில் எனாமலில் வைத்து 15 நொடி கழித்து டென்டினுக்குக் கொண்டுவாருங்கள். டென்டினில் 15 நொடிக்கு மேல் வேண்டாம். கழுவியபின் காற்றடித்தால் நார்வலை படுத்துவிடும். ஈரப் பஞ்சுருண்டையால் ஒற்றுங்கள். குழித்தளம் பளபளக்க வேண்டும், மூலையில் நீர் தேங்கக் கூடாது. அடுத்து 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினி, 30 முதல் 60 நொடி. கழுவாமல் ஒற்றிவிட்டு பிரைமர். என்சைமை இது அடக்கும். ஆனால் நாளடைவில் கசிந்து வெளியேறிவிடும், ஆகவே சிதைவைத் தள்ளிப்போடும் என்றுதான் சொல்லலாம். ரூட் கெனால் செய்த பல்லில், கெனாலைக் கழுவிய ஹைப்போகுளோரைட் மிச்சமிருந்தால் குளோர்ஹெக்ஸிடினோடு சேர்ந்து செம்பழுப்பாகப் படியும். முதலில் தண்ணீரால் நன்றாக அலசுங்கள்.

என் கணக்கில் அதிகம் கோட்டைவிடும் இடம், ஒட்டில் கலந்துள்ள கரைப்பானை ஊதி உலர்த்துவது. ஐந்து நொடி ஊதிவிட்டு, ரெசினை இறுகவைக்கும் லைட்டை வைத்துவிடுகிறார்கள். குழித்தளத்தையே பாருங்கள்: மென்காற்று படும்போது திரவம் அலையலையாக ஓடும். காற்றைச் சற்றே கூட்டிக்கொண்டே போனால் அலை சிறுத்து, ஒரு கட்டத்தில் அசைவே இல்லாமல் மெல்லிய மினுக்கு மட்டும் நிற்கும். அதுவரை நிறுத்தாதீர்கள். ஆல்கஹாலோ தண்ணீரோ உள்ளே மாட்டினால் ரெசின் முழுதாக இறுகாது. காற்றுச் சிரிஞ்சிலிருந்து எண்ணெய் வருகிறதா என்று முதலில் கண்ணாடித்துண்டில் ஊதிப் பார்த்துவிடுங்கள். யுனிவர்சல் (எல்லா முறைக்கும் பொதுவான) ஒற்றைப் பாட்டில் என்றால், லைட் வைத்தபின் கரைப்பான் இல்லாத, நீரை ஈர்க்காத பாண்ட் ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டால் நல்லது. ஆழக்குழியில் லைட் முனை தரையிலிருந்து ஆறேழு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். 10 நொடி போதாது, 20 முதல் 40 நொடி கொடுங்கள்.

ஒட்டை அன்றைக்கே கெடுப்பவையும் உண்டு. ரப்பர் டேம் (பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் திரை) போடாததால் படும் எச்சில், ரத்தம் நிறுத்தும் அலுமினியம் குளோரைட் மருந்து, தற்காலிக அடைப்பிலிருந்து தங்கிய யூஜினால் (கிராம்பு எண்ணெய்ப் பொருள்) மிச்சம். பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் பொறுங்கள், பல்லில் தங்கிய ஆக்ஸிஜன் ரெசினை இறுகவிடாது. பாட்டிலைத் திறந்தபடி வைக்காதீர்கள். அசிட்டோன் உள்ளவை நம் வெயிலுக்குச் சீக்கிரமே கெட்டியாகிவிடும்.

விளிம்பு முழுக்க வேர் டென்டினில், ஈறுக்குக் கீழே, ஈரக் கசிவை நிறுத்தவே முடியவில்லை என்றால் அங்கே பாண்டிங்கை நம்பாதீர்கள். கீழே ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட் போட்டு, அதன்மேல் காம்போசிட் வையுங்கள்.