மகனை மெச்சாத தகப்பன்: கதை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

வளர்ந்த மகன் தகப்பனின் ஒரு நல்ல சொல்லுக்கு ஏங்கும் கதைகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். இரண்டு பேர் முழு நாவலையே அனுப்பிவிட்டு "எப்படி சேர்?" என்கிறார்கள். அவர்கள் பொறுத்திருக்கட்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி: என் கதையின் முடிவில் அப்பா மகனைக் கட்டிப்பிடித்து, "உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்" என்கிறார். வாசித்தவர்கள் யாரும் நம்பவில்லை. ஏன் சேர்?

அந்த வசனத்தை உங்கள் அப்பாவின் வாயில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். எங்கள் அப்பா மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்தவர். வரம்பில் தண்ணீர் போகும் வாயை வக்கடை என்போம். அண்ணன் கட்டும் வக்கடையை ஒவ்வொரு தடவையும் காலால் மிதித்துப் பார்ப்பார், உடைப்பார், தானே திரும்பக் கட்டுவார். அண்ணனுக்கு உத்தியோகம் கிடைத்து, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான். ஒரு பெரும்போகத்தில் லீவில் வந்த அண்ணன் வக்கடை கட்டினான். அப்பா வந்தார், மிதித்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரம்புக்கு நடந்துவிட்டார். அண்ணன் சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கட்டிப்பிடிப்பதை வெட்டிவிடுங்கள். உங்கள் கதையில் அப்பா வழக்கமாகத் திருத்தும் காரியம் எது? அதை ஒரு நாள் திருத்தாமல் விடட்டும்.

யாழ்ப்பாணத்து வாசகர்: தகப்பன் மகன் பிணக்கு என்றால் வீடு, காணி என்று வரும். மட்டக்களப்புக் கதைகளில் அது அதிகம் இல்லையே?

நல்ல கேள்வி ஐயா. இங்கே குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழி. மகன் தாயின் குடி, தகப்பன் வேறு குடி. கோயில் திருவிழாவில்கூட இருவருக்கும் உரிமை வேறு வேறு நாளில் வரலாம். வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மகன் கல்யாணம் கட்டிப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அப்படியானால் தகப்பன் மகனுக்கென்று தரக்கூடியது என்ன? வாய்ச்சொல் ஒன்றுதான். அதையும் அவர் தருவதில்லை!

போட்டி யாரோடு என்று பாருங்கள். அண்ணன் தம்பியோடு இல்லை, மச்சானோடு. மகன் திருநாளுக்கு வந்து, தான் பிறந்த வீட்டு விறாந்தையில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பான். தேத்தண்ணீரைத் தங்கச்சி நல்ல கோப்பையில் கொண்டுவந்து வைப்பாள். நல்ல கோப்பை! அந்நேரம் அப்பா உள்ளே பார்த்து, "மருமகன், வயலுக்குப் போய் வருவோமா?" என்று கூப்பிடுவார். எங்கள் எழுத்தாளர்கள் இந்தக் காட்சியை ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமே வருவதுண்டு.

அக்கரைப்பற்று: வாப்பாவுக்குக் கடைதான் உலகம். நான் எழுதிய புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. இதை வைத்துக் கதை எழுதினால் புலம்பலாகிவிடுமா?

பிராக் நகரில் கடை வைத்திருந்த ஹெர்மன் காஃப்காவும் அப்படித்தான். அவருடைய மகன், எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1919 நவம்பரில், 36 வயதில், தகப்பனுக்கு நூறு பக்கத்துக்கு மேல் கையால் கடிதம் எழுதினார். அது தகப்பன் கைக்குப் போகவே இல்லை. புதுப் புத்தகம் வந்தால் அப்பா "கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வை" என்பாராம், பெரும்பாலும் அப்போது சீட்டு விளையாடிக்கொண்டிருப்பாராம். அந்தச் சீட்டாட்டத்தை மகன் மறக்காமல் எழுதியதால்தான் அது புலம்பலாகவில்லை. நீங்கள் புத்தகத்தை நீட்டியபோது உங்கள் வாப்பாவின் கை என்ன செய்துகொண்டிருந்தது? துணி அளந்ததா, சில்லறை எண்ணியதா? அங்கிருந்து தொடங்குங்கள்.

"மகன் தந்தைக்கு ஆற்றும் உதவி" குறளைக் கதையின் தலைப்பில் போடலாமா?

வேண்டாம். ஆனால் திரும்ப வாசியுங்கள். 69ஆம் குறளில், மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய் பெரிதாக மகிழ்கிறாள். அடுத்ததுதான் நீங்கள் கேட்ட குறள். அதில் "இவன் தந்தை என்நோற்றான் கொல்" என்று வியப்பது ஊர். தகப்பன் அங்கேயும் வாய் திறக்கவில்லை.

அம்மா வந்து, "அப்பா ஊரெல்லாம் உன்னைப் பற்றித்தான் சொல்லித் திரிகிறார்" என்று சொல்வதாக வைக்கலாமா?

வைக்கலாம். மகன் நம்பக் கூடாது.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: என் கதையில் வரும் அப்பா 1990இல் காணாமல் போனவர். இப்போது மகனுக்கு அவரைவிட வயது கூட. அவன் யாரிடம் அந்தச் சொல்லைக் கேட்பான்?

அப்பாவின் வயதை அவன் தாண்டும் நாளில் கதையைத் தொடங்கிப் பாருங்கள். கனவில் அப்பாவைக் கொண்டுவந்து பேசவைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அவருடைய சைக்கிள் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகன் அதை ஓட்டியிருக்கிறானா? சீற்றை உயர்த்தினானா, அப்பா விட்டுப்போன உயரத்திலேயே முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டுகிறானா? அந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள்.