சிங்கப்பூர் – ஜோகூர் பாரு: திரும்பி வருவதை முதலில் முடிவு செய்யுங்கள்

தம்பி, நீங்கள் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து சிங்கப்பூரின் வடகோடி உட்லண்ட்ஸில் தங்கியிருக்கிறீர்கள், அக்கரையில் மலேசியாவின் ஜோகூர் பாருவில் சித்தி குடும்பம் இருக்கிறது, ஞாயிறு லீவில் காலையில் போய் இரவுக்குள் திரும்ப வேண்டும், பஸ்ஸா ரயிலா டாக்சியா என்று கேட்டிருந்தீர்கள்.

கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். நேரமெல்லாம் இரண்டு கரையிலும் உள்ள குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசையில்தான் போகிறது. அதனால் எத்தனை மணிக்குப் பாலத்தில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள், அதிலும் திரும்பி வரும் நேரத்தை. வெள்ளி மாலையும் சனி காலையும் இங்கிருந்து அங்கே கூட்டம். ஞாயிறு மாலை அப்படியே தலைகீழ், ஜோகூர் போன சிங்கப்பூர் மொத்தமும் ஒன்றாகத் திரும்பும். நீண்ட வார இறுதி, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். ஞாயிறு விடிந்ததும் கிளம்பி, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சித்தியிடம் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். கோபித்துக்கொள்வார்தான், பரவாயில்லை.

அன்றாடத்துக்குப் பஸ்தான். உட்லண்ட்ஸிலிருந்து 950 போகிறது. கிராஞ்சி எம்ஆர்டி (மெட்ரோ ரயில் நிலையம்) பக்கம் வந்தால் 170எக்ஸ், காஸ்வே லிங்க் நிறுவனத்தின் மஞ்சள் நிற சிடபிள்யூ1 பஸ். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இருக்கும் நாளில் குவீன் ஸ்திரீட் முனையத்திலிருந்து 170, சிடபிள்யூ2, சிங்கப்பூர் ஜோகூர் எக்ஸ்பிரஸ் மூன்றும் ஜோகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம் வரை போகும். இதில் 170 வழியெல்லாம் நின்று நின்று போகிற சாதாரண பஸ், அவசரத்துக்கு ஆகாது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பஸ் உங்களை நேராக அக்கரையில் இறக்கிவிடாது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு எல்லாரும் இறங்க வேண்டும். பாஸ்போர்ட் வேலை முடிந்து கீழே வந்தால் நீங்கள் வந்த வண்டி போயிருக்கும். அதே எண்ணுள்ள அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அதனால் காஸ்வே லிங்க்கில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த வண்டிக்காரரிடம் காட்ட வேண்டும். 950-லும் 170-லும் ஈசி லிங்க் பயண அட்டையைத் தட்டினால் போதும். பாலத்தைத் தாண்டியதும் மலேசியக் குடிநுழைவுக்காக இன்னொரு முறை இறங்க வேண்டும். சித்தி வீடு நகரத்துக்குள் என்றால் அங்கேயே வெளியே வந்துவிடலாம். ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையமும் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியும் நடைபாலத்தால் இணைந்தவை. லார்க்கின் போவதென்றால் மறுபடி பஸ் ஏறுங்கள். கோலாலம்பூர், மலாக்கா வண்டிகள் அங்கிருந்துதான்.

ரயில் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் ஷட்டில் தெப்ராவ், ஐந்து நிமிடப் பயணம். இங்கிருந்து போக 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அங்கிருந்து வர 5 ரிங்கிட். போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் உட்லண்ட்ஸிலேயே முடித்துவிடுவார்கள், ஜேபி சென்ட்ரலில் இறங்கி நடக்க வேண்டியதுதான். ஆனால் டிக்கெட் கேடிஎம்மின் செயலியில் வாரக்கணக்கில் முன்பே விற்பனைக்கு வரும், வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே ஞாயிறு திரும்பும் டிக்கெட்டை மட்டும் முதலில் பிடித்து வையுங்கள். போவதற்குப் பஸ் இருக்கவே இருக்கிறது. இன்னொன்று, ரயில் சோதனைச்சாவடி உட்லண்ட்ஸ் எம்ஆர்டியில் இல்லை. மார்சிலிங்தான் பக்கம். புறப்படும் நேரத்துக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள், அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

டாக்சி, தனி ஆளுக்கு வீண் செலவு. பிள்ளைகள், வயதானவர்கள் கூட வந்தால் யோசிக்கலாம். இறங்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து போகலாம் என்பதுதான் லாபம், நெரிசலில் அதுவும் சேர்ந்துதான் நிற்கும். துவாஸில் 1998-இல் திறந்த இரண்டாம் பாலம் உட்லண்ட்ஸ்காரருக்குச் சுற்று. ஜூரோங்கில் இருந்து புக்கிட் இண்டா போகிறவர்களுக்குத்தான் சிடபிள்யூ3-உம் அதுவும் உதவும்.

கட்டி முடிக்கிற நிலையில் இருக்கிற ஆர்டிஎஸ் என்ற புதிய எல்லை தாண்டும் ரயில் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிப் போகும் திட்டம். 2026 இறுதியில் ஓடத் தொடங்கும் என்பது இரு அரசுகளின் இலக்கு. ஏறும் இடத்திலேயே இரண்டு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும்.

இனி காகித வேலை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா கேட்பதில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று நீட்டித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு போவதென்றால் விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். நீங்கள் பாஸ் வைத்திருப்பவர் என்பதால், தரைவழியாகத் திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை.

திரும்பும் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறைந்த நேரப் பயணத்துக்கு 100 வெள்ளி வரை வரிவிலக்கு என்று நண்பர்கள் சொல்வார்கள். அது வேலை பாஸ்காரர்களுக்குக் கிடையாது. அங்கே புதிதாக வாங்கியதற்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. சிகரெட்டுக்கு யாருக்குமே சலுகை இல்லை, மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும் அப்படித்தான். வேப் (மின்-சிகரெட்) யாராவது கையில் கொடுத்து 'அங்கே சேர்த்துவிடு' என்றால் வாங்கவே வாங்காதீர்கள், பாஸுக்கே ஆபத்து.