2,000 சொல் படித்தும் மொழிபெயர்ப்பு வரவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: முனைவர் பட்ட நுழைவுத்தேர்வுக்கு இன்னும் 3 மாதம் இருக்கிறது. ஆங்கிலத் தாளில் சொல்லறிவு, மொழிபெயர்ப்பு இரண்டும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே 2,000 சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு பத்தியைத் தமிழில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறேன். இன்னும் நிறைய சொற்கள் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்களைத் தடுப்பது தெரியாத சொல் அல்ல, தெரிந்ததாக நினைக்கிற சொல். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஃபியூ ஸ்டடீஸ் ஹேவ் அட்ரஸ்டு திஸ் கொஸ்டின்.' இதில் அகராதி தேவைப்படும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பலர் 'சில ஆய்வுகள் இந்தக் கேள்வியிடம் பேசியுள்ளன' என்று எழுதிவிடுகிறார்கள். 'எ ஃபியூ' என்றால்தான் சில. முன்னால் அந்த 'எ' இல்லாவிட்டால் 'இல்லை என்றே சொல்லலாம்' என்ற பொருள் வந்துவிடும். 'அட்ரஸ்' இங்கே முகவரியும் இல்லை, உரையாற்றுவதும் இல்லை. ஒரு சிக்கலைக் கையில் எடுப்பது. 'இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட ஆய்வுகள் மிகக் குறைவு' என்று எழுதினால் சரி. ஆங்கிலத்தில் முதலில் நின்ற 'ஃபியூ' தமிழில் கடைசிக்குப் போய்விட்டது, கவனித்தீர்களா? மொழிபெயர்ப்பில் பாதி வேலை இந்த இடமாற்றம்தான்.

அதனால் நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் முக்கிய வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடிடுங்கள். யார் செய்தார், என்ன செய்தார் என்பது பிடிபட்டதும் 'விச்', 'தட்' என்று தொங்கும் வால்களைத் தனியே பிரியுங்கள். தமிழில் அந்த வால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டும். மூன்று வால் இருந்தால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள், தப்பே இல்லை. 'பட்டது', 'பட்டுள்ளது' என்று அடுக்காதீர்கள். 'அளக்கப்பட்டது' என்பதைவிட 'அளந்தார்கள்' பல இடங்களில் இயல்பாக இருக்கும்.

ஆய்வு நடையில் இன்னொரு பொறி, உறுதியின் அளவு. 'சஜஸ்ட்' என்பதை 'ஆலோசனை கூறுகிறது' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். 'என்று கருத இடமிருக்கிறது' என்பதுதான் அங்கே பொருந்தும். 'மே', 'அப்பியர்', 'இண்டிகேட்', 'புரூவ்' நான்கும் நான்கு அளவு உறுதி. எல்லாவற்றையும் 'நிரூபிக்கிறது' என்று எழுதுபவர் ஆய்வாளர் சொல்லாததை அவர் வாயில் திணிக்கிறார். ஆய்வு செய்ய வருபவரிடம் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சொற்களுக்கு வருகிறேன். மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான் இருக்கின்றன; ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். ஆய்வு நடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அதிலிருந்து வருகிறது. சொல் படிப்பதென்றால் வேறு பட்டியல் வேண்டாம், முதலில் அதை முடியுங்கள். ஒவ்வொரு சொல்லையும் உங்கள் துறைக் கட்டுரையில் கண்ட ஒரு வாக்கியத்தோடு அட்டையில் எழுதி, மறுநாள், மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். பொருளை மறைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். வெறுமனே திரும்ப வாசிப்பது படித்தது போல ஒரு நினைப்பைத்தான் தரும்.

அப்புறம், தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, ஐந்தாறு வரியைத் தமிழாக்கம் செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் உங்கள் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் 'தி' விட்டது, 'ஆஃப்', 'ஆன்' மாறியது எல்லாம் தானாகத் தெரியும். ஆசிரியர் இல்லாமலே திருத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. திருத்தும்போது ஓரத்தில் தவறின் வகையை மட்டும் குறியுங்கள்: சொல், வினை, வால், உறுதி. இரண்டு வாரத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறதோ, அடுத்த இரண்டு வாரம் அதற்கு.