வீட்டில் பிசிபி செய்ய லேசர் என்கிரேவர்: எதை மாற்றலாம், எதை விடலாம்?

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறிய லேசர் என்கிரேவர் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது அதிலேயே பிசிபி, அதாவது இலத்திரனியல் மின்சுற்றுப் பலகை, போட்டுப் பார்க்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் தருகிறேன். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

உப்புவெளி: அண்ணா, என்னிடம் 5 வாட் நீல லேசர் இருக்கிறது. 20 வாட் மொடியூல் வாங்கினால் செம்பை நேரடியாகவே எரித்து எடுக்கலாமா?

முடியாது தம்பி, அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள். செம்பு நீல ஒளியை ஓரளவு நன்றாகவே உள்வாங்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பலகையில் ஒட்டியிருப்பது 35 மைக்ரோன் செம்பு என்றாலும், விழுகிற வெப்பத்தை உடனே நாலா பக்கமும் பரப்பிவிடும். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். விடாமல் ஒரே சீராக எரிகிற டயோட் லேசரால் ஒரு புள்ளியை அவ்வளவு சூடாக்க முடியாது. அதற்கு முன்பே செம்புக்குக் கீழே உள்ள பலகையின் எபொக்சிப் பிசின் கெட்டுவிடும்.

செம்பை நேரடியாக எடுப்பது 1064 நனோமீற்றர் பைபர் லேசர். அதுவும் 20 வாட்தான். ஆனால் அந்தச் சக்தியை நூறு நனோசெக்கன் அளவான துடிப்புகளாகச் சேர்த்து அடிக்கிறது. ஒரு துடிப்பின் உச்சம் 10 கிலோவாட் வரை போகும். அது முற்றிலும் வேறு இயந்திரம், வேறு விலை.

நம்மிடம் உள்ள லேசரின் வேலை, செம்பின் மேல் அடித்த கறுப்புப் பெயின்டை எரிப்பது மட்டும்தான். பெயின்ட் போன இடத்துச் செம்பை அரித்து எடுப்பதைப் பெரிக் குளோரைட்டுக் கரைசல் பார்த்துக்கொள்ளும். பெயின்டை எரிக்க 5 வாட் தாராளம். 20 வாட் மொடியூலில் பெரும்பாலும் நான்கு டயோட்டின் கதிர்களைச் சேர்த்து ஒரே இடத்தில் குவிக்கிறார்கள், அதனால் புள்ளி அகலமாகத்தான் வரும். பிசிபிக்கு வேண்டியது சிறிய புள்ளி. பெட்டியில் '40 வாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் ஏமாறாதீர்கள். அது பல வேளை மின்சாரத்தின் கணக்கு. ஒளியின் வாட் எவ்வளவு, புள்ளியின் அளவு என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

கோணேசபுரி, வளாக மாணவர்: 0.3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் இரண்டு செம்புத் தடமும் ஒட்டிக்கொள்கிறது. லேசரை நகர்த்தும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்குரூ போடட்டுமா?

வேண்டாம். 20 பல் உள்ள பெல்ட் சக்கரம் (pulley), ஜிடி2 பெல்ட், 16 மைக்ரோஸ்டெப் என்றால் மோட்டர் ஒரு மில்லிமீற்றருக்கு 80 ஸ்டெப் வைக்கும். அதாவது ஒரு ஸ்டெப் 0.0125 மில்லிமீற்றர், உங்கள் லேசர் புள்ளியைவிட எவ்வளவோ சிறியது. முதலில் குவியத்தைப் பாருங்கள்.

ஒரு நீளத் துண்டுப் பலகைக்குப் பெயின்ட் அடித்து, ஒரு முனையைப் 10 மில்லிமீற்றர் உயர்த்திச் சரிவாக வையுங்கள். குறைந்த சக்தியில் கீழ் முனையிலிருந்து மேல் முனை வரை ஒரே கோடு இழுங்கள். பூதக்கண்ணாடியால் பார்த்தால் கோடு தடிப்பாகத் தொடங்கி, மெலிந்து, மறுபடி தடிக்கும். மிக மெலிந்த இடத்தில் லென்சுக்கும் பலகைக்கும் உள்ள தூரம்தான் உங்கள் சரியான குவியம். இயந்திரத்தோடு வந்த அளவுக் கட்டையை நம்பியிருந்தால், இது எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். பிறகு அதே சோதனையை மற்றத் திசையிலும் செய்யுங்கள். டயோட்டின் புள்ளி வட்டம் இல்லை, நீள்சதுரம். ஒரு திசைக் கோடு மற்றதைவிடத் தடிப்பாக வரலாம். இரண்டும் பெரிதாக வேறுபட்டால், புள்ளியைச் சுருக்கும் வில்லை உள்ள மொடியூலுக்குச் செலவழிக்கலாம். அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

பெல்ட்டைக் கழற்றத் தேவையில்லை, தளர்வை மட்டும் எடுங்கள். லேசரைத் தாங்கி ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு அதன் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். வழுக்கிச் சுற்றினால் அந்தப் பக்கத்து மையம் விலகிய நட்டைச் சற்றுத் திருகுங்கள். எரிக்கும்போது இரு திசையிலும் ஓடவிடாமல் ஒரே திசையில் மட்டும் எரிக்கச் சொல்லுங்கள். நேரம் கூடும், ஆனால் ஓரம் பல் பல்லாக வராது.

சாம்பல்தீவு: தடங்களின் மூலைகளில் மட்டும் அதிகமாக எரிந்து அகலமாகிவிடுகிறது.

மூலையில் வண்டி வேகம் குறைகிறது, லேசரின் சக்தி குறையவில்லை. இயந்திரத்தின் கொன்ட்ரோலரில் ஓடும் ஜிஆர்பிஎல் (GRBL) மென்பொருள் 1.1 அல்லது அதற்குப் பிந்தியது போட்டு, லேசர் முறையை இயக்க $32=1 என்று கொடுங்கள். இயந்திரத்துக்கு அனுப்பும் கோப்பில் எம்3 (M3) என்ற கட்டளை இருக்கும் இடத்தில் எம்4 (M4) போடுங்கள். வேகத்துக்கு ஏற்பச் சக்தியும் இறங்கும். கொன்ட்ரோலர் பழைய 0.9 என்றால் இந்த வசதியே இல்லை. காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய மேம்படுத்தலில் இதற்கு ஈடு இல்லை.

மூதூர்: செம்பின் மேல் ஒட்டும், ஒளி பட்டால் இறுகும் போட்டோரெசிஸ்ட் பிலிம் வாங்கியிருக்கிறேன். நீல லேசரில் சரிவருமா? கழுவ அப்பச்சோடா போதுமா?

அக்கா, அந்தப் பிலிம் 350 முதல் 405 நனோமீற்றர் வரையான ஒளிக்குத்தான் நன்றாக இறுகும். 450 நனோமீற்றர் நீலம் அதற்குப் பெரிதாகப் படாது. 405 நனோமீற்றர் ஊதா மொடியூல் ஒன்று, அரை வாட் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: பெயின்ட் முறையில் லேசர் பட்ட இடத்தில் செம்பு போகும், பிலிமில் லேசர் பட்ட இடம்தான் நிற்கும். படத்தில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

கழுவ வேண்டியது சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம். தண்ணீர் 30 பாகை அளவில் இருந்தால் நல்லது. நம் ஊரில் பகலில் குழாயைத் திறந்தாலே அந்தச் சூடு வரும். அப்பச்சோடா மட்டும்தான் இருக்கிறது என்றால், எவர்சில்வர் தட்டில் பரப்பி ஓவன் (oven) அடுப்பில் 200 பாகையில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். நீராவியும் காபனீரொட்சைட்டும் போய் அதுவே சலவைச் சோடா ஆகிவிடும்.

நிலாவெளி: மார்கழி மழைக்காலத்தில் அடித்த பெயின்ட் அசிட்டில் (பெரிக் குளோரைட்டில்) உரிந்து வருகிறது.

கடற்கரை ஈரத்தில் செம்பு சீக்கிரமே மங்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பளபளக்கத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, பலகையைச் சற்றுச் சூடாக்கி உடனே மெல்லிய பூச்சாக அடியுங்கள். விரல் படவே கூடாது.

சீனக்குடா: பெயின்டுக்குப் பதிலாக வினைல் ஸ்டிக்கர் ஒட்டி எரிக்கலாமா?

கூடவே கூடாது. அது பிவிசி பிளாஸ்டிக். எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தின் இரும்புக்கும் கேடு.

தம்பலகாமம்: இயந்திரத்தோடு வந்த பச்சைக் கண்ணாடி போதுமா?

அதில் அலைநீளமும், அந்த ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓடி (OD) எண்ணும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 450 நனோமீற்றருக்கு ஓடி 4 அல்லது அதற்கு மேல் இல்லையென்றால் போட வேண்டாம், நல்லது ஒன்று வாங்குங்கள். அரை வாட்டுக்கு மேற்பட்ட லேசர் எல்லாம் நான்காம் வகுப்பு, அதாவது லேசர்களில் மிக ஆபத்தான வகை. செம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியே கண்ணைக் கெடுக்கும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், பிள்ளைகள் உள்ள வீடு என்றால் மூடியுள்ள பெட்டியும் செய்துகொள்ளுங்கள்.

உவர்மலை: பாவித்த பெரிக் குளோரைட்டைக் காணியில் ஊற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம் ஐயா. அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கு நஞ்சு. கிணறு உள்ள காணியில், அதுவும் மணல் நிலத்தில் ஊற்றினால் கிணற்றுக்கே இறங்கும். வடிகாலில் விட்டால் கடலுக்குப் போகும். முதலில், அதை அவ்வளவு சீக்கிரம் வீசத் தேவையில்லை. அரிக்கும் வேகம் நன்றாகக் குறையும் வரை திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். முடிந்ததும் பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், நுரைக்கும். நுரைப்பது நின்ற பிறகு ஓர் இரவு விட்டால் செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் போட்டுப் பெயர் எழுதி, ஆபத்தான கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பாவனையில் உள்ள போத்தலை லேசர் இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். அதன் ஆவியிலேயே தண்டும் பெயரிங்கும் துருப்பிடிக்கும்.